ஆட்சேபம் வரவில்லை

வானத்தை ஆராய்கிறவர் கருப்பட்டியை அறுத்துக்கொண்டிருந்தார்.

இடம், புன்னைவிளையில் தவசிமுத்து அண்ணாச்சியின் கடை வாசல். தை மாதம், காலை பத்து மணி இருக்கும். பெஞ்சில் ஒரு செய்தித்தாளை விரித்து, சிரட்டையில் ஊற்றி எடுத்த முழுக் கருப்பட்டி ஒன்றை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். கையில் கடைக் கத்தி. உச்சியிலிருந்து அடிவரை இரண்டு கோடு கிழித்து, நடுவிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குத் துண்டை எடுத்தார். பழைய கருப்பட்டி. சற்று நேரம் பிடித்தது. ஊரில் வேலைக்குப் போகாத அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுதான் கூரை" என்றார். "துண்டு எடுத்த இடம் திறப்பு. ராத்திரி திறந்து வைப்போம். அது வழியாகத் தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பார்க்கும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ, கூரை அந்தப் பக்கம் சுற்றும்."

கருப்பட்டியைச் சுற்றிக் காட்டினார். செய்தித்தாளும் சேர்ந்து சுற்றியது.

"அப்ப பகல்ல?" என்று ஒருவர் கேட்டார்.

அவர் அறுத்த துண்டை எடுத்து அதன் இடத்தில் திரும்ப வைத்தார். முதல் எறும்பு வந்துவிட்டிருந்தது.

நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, தொலைநோக்கி நிலையம் கட்ட ஊர்ச் சம்மதம் கேட்கும் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஊர் பேர், தேதி, யார் எதைச் சொன்னார் என்று எழுதுவதில் எனக்கு ஆசை உண்டு என்பது தாசில்தாருக்குத் தெரியும். அதனால் மணலில் நடக்க வேண்டிய ஊர்களுக்கெல்லாம் என்னையே அனுப்புவார். அன்று அவரும் வந்திருந்தார்.

எந்த வருஷம்?

இந்த நினைவுத் தொடரில் உப்பளங்களைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு கிழமையைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அது செவ்வாய் அல்ல, புதன். ஆகவே இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புன்னைவிளை விவகாரம் நடந்த வருஷத்து டைரியைக் கரையான் தின்றுவிட்டது. ஓரங்கள் மட்டும் தப்பின. ஓரங்களில் நான் எதுவும் எழுதுவதில்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் பாறை கொட்டிக்கொண்டிருந்த காலம். முத்துக்குளிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேலாகி, குளியாட்கள் சங்கு எடுப்பதோடு திருப்தி அடைந்திருந்தார்கள். அந்த வருஷம் பங்குனி உத்திரம் மார்ச் மாதத்துக்குள் வந்துவிட்டது. இது முக்கியம், பிறகு சொல்கிறேன். பழைய பஞ்சாங்கங்களை வைத்துப் பார்த்ததில் ஒன்றுக்கு மேற்பட்ட வருஷங்கள் பொருந்துகின்றன. அவற்றில் ஒன்று. அதற்குமேல் நான் சத்தியம் செய்யமாட்டேன்.

கூரை ஏற்காதவர்

கடலோரத்திலிருந்து சற்று உள்ளே போனால் செம்மணல் காடு தொடங்கும். தேரி என்பார்கள். பனையும் முள்ளும் தவிர வேறொன்றும் எளிதில் வளராது. ஆடிக் காற்றில் மணல் மேடுகள் இடம் மாறும். போன வருஷம் ஏறி இறங்கிய மேட்டை இந்த வருஷம் வேறிடத்தில் பார்க்கலாம்.

மாறாமல் நிற்பது புன்னைவிளைக்குக் கிழக்கே இருக்கும் வெயிலுகந்தான் மேடு ஒன்றுதான். மணலுக்கு அடியில் பாறை இருப்பதால் மாறவில்லை என்று ஆராய்ச்சித் துறைக்காரர்கள் அளந்து சொன்னார்கள். சாமி உட்கார்ந்திருப்பதால் மாறவில்லை என்பது ஊரின் கணக்கு. இரண்டு தரப்பும் மேடு மாறாது என்பதில் ஒன்றாகத்தான் இருந்தன. தகராறு அங்கேதான் தொடங்கியது. அசையாத இடம் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது.

வெயிலுகந்த சாமி என்பது முழங்கால் உயரக் கல். கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. கூரை கிடையாது. கூரையை ஏற்காது. ஒருமுறை, தூத்துக்குடியில் பலசரக்கு மொத்த வியாபாரத்தில் நன்றாக வந்துவிட்ட அவ்வூர்க்காரர் ஒருவர் நன்றிக்காகத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். ஆடி மாதம் அது பறந்து போய் மூன்று பனை தள்ளி விழுந்தது. விடாமல் ஓட்டுக் கூரை போட்டார். ஓடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அடுத்து கான்கிரீட் போட நினைத்தபோது அவருக்கே மஞ்சள் காமாலை வந்துவிட்டது. காற்றா, சாமியா, காமாலையா என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே மேட்டில் ஏறும்போது யாரும் தலையை மூடக்கூடாது. குடை கூடாது, முண்டாசு கூடாது. விறகு சுமந்து வரும் பெண்கள் அடிவாரத்தில் சும்மாட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். மழை வந்தாலும் நனைய வேண்டியதுதான். சாமி நனைகிறபோது நாம் மறைந்து நின்றால், மழை வீணாகப் பெய்கிறோமே என்று நினைத்துக்கொள்ளுமாம்.

கருப்பட்டியை அறுத்த ஆராய்ச்சிக்காரர் ராமநாதன் கும்பகோணத்துப் பக்கத்தவர். நல்ல மனிதர். முதல் நாள் தொப்பியோடு மேட்டில் ஏறிவிட்டார். யாரோ சொன்னதும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்று சாயந்தரம் அவர் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஊருக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

இசக்கிமுத்துவின் அவசரம்

இங்கே இசக்கிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று நாற்பத்தைந்து வயது இருக்கும். கொத்தனார். தூத்துக்குடியில் துறைமுகக் குடியிருப்புகளுக்குத் தளம் போடும் வேலை. விடிவதற்குள் எழுந்து, மெயின் ரோடு வரை மணலில் நடந்து பஸ் பிடிப்பார்.

வருஷத்தில் ஒரு நாள், பங்குனி உத்திரத்தன்று, அவர் கொத்தனார் அல்ல. வெயிலுகந்த சாமியின் கோமரத்தாடி. உச்சி வேளையில் மேளம் முழங்கும்போது சாமி அவர்மேல் வரும். ஊர் கேட்பதற்கு அவர் வாயால் பதில் சொல்லும். மற்ற நாளில் சாமியிடம் எதுவும் கேட்க முடியாது. மற்ற ஆள்மேலும் வராது. அவருக்கு முன் அவருடைய அப்பா.

அவருக்கு ஒரே மகள், சுயம்புக்கனி. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு வலி எடுத்தபோது, நான்கு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார்கள். மணலில் கால் புதையப் புதைய நடந்து ரோட்டைச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வருவதற்குள் குழந்தை பிறந்து இறந்துவிட்டது. அவள் பிழைத்தது பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஆவணியில் பிரசவம் என்று கணக்கு.

தொலைநோக்கி நிலையம் வந்தால் ரோடு வரும். கருவிகளை மணலில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே முதலில் ரோடு, பிறகுதான் கட்டடம். இதைத் துறை எழுத்தில் கொடுத்திருந்தது. ஊர் சம்மதம் மார்ச் கடைசிக்குள் கோப்பில் சேர்ந்துவிட்டால், அந்த வருஷத்து ஒதுக்கீட்டிலேயே வேலை தொடங்கும். சேராவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். அடுத்து எப்போது வரும் என்று தாசில்தாருக்கே தெரியாது.

அன்றைய கூட்டத்தில் இசக்கிமுத்துவும் இருந்தார். கருப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவா, கூரையா

முதலில் பேசியது தவசிமுத்து அண்ணாச்சி. கருப்பட்டி அவருடையது என்பதால் அவருக்கு அந்த உரிமை இருந்தது. ரோடு வந்தால் சரக்கு வண்டி கடை வாசலுக்கே வரும். ஆகவே அவர் கட்சி தெளிவானது.

"தொறந்து மூடுதது எப்படிக் கூரையாவும்? தொறந்து மூடுனா அது கதவு" என்றார். "சாமிக்குக் கூரைதான் ஆவாது. கதவு ஆவாதுன்னு யாரும் சொல்லலியே."

"கதவு பக்கத்துல இருக்கும் அண்ணாச்சி" என்றார் செல்லையா. இவர் இசக்கிமுத்துவின் சித்தப்பா மகன். பனை ஏறுகிறவர். நிலையம் வரக்கூடாது என்ற கட்சி. "தலைக்கு மேல இருந்தா அதுக்குப் பேரு கூரை."

"மேல வச்ச கதவு."

"உம்ம கடைக்கு மேல ஒரு கதவு வச்சிட்டு வாரும், பாப்போம்."

ராமநாதன், கட்டடம் சாமிக்கு மேல் வராது, இருபது அடி தள்ளித்தான் வரும் என்று விளக்கினார். செல்லையா அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேடு முழுக்கச் சாமிதான். கல் என்பது கும்பிடுவதற்கு வசதியாக ஒரு அடையாளம் என்றார். நான் படித்த எத்தனையோ பெரிய புத்தகங்களில் இதை இவ்வளவு சுருக்கமாகப் பார்த்ததில்லை. அப்படியே எழுதிக்கொண்டேன்.

கடற்கரையிலிருந்து லூர்து என்ற சங்கு குளிக்கிறவரும் வந்திருந்தார். வேதக்காரர், கிறிஸ்தவர். அவருக்கு இங்கே என்ன வேலை என்று தாசில்தார் என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவரே எழுந்து சொன்னார்.

"இந்த மேடு எங்களுக்குக் கணியம். கடல்ல இருந்து பாத்தா, மேடும் எங்க கோயில் கோபுரமும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நேரா வரணும். வந்தா அதுக்குக் கீழதான் பார், அடிப்பாறை, இருக்கு. சங்கு அங்கனதான் கெடக்கு. முத்து இருந்தப்பவும் அங்கனதான். எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்த மேட்டைப் பாத்துத்தான் முங்குதோம்."

"அப்போ கட்டடம் வரக்கூடாது என்கிறீர்களா?" என்றார் தாசில்தார்.

"கட்டுங்க. வெள்ளை அடிச்சிக் கட்டுங்க. இன்னும் தூரத்துல இருந்து தெரியும்."

பழைய ஒல்லாந்தர் கடல் வரைபடங்களில் இந்த மேடு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பிற்காலத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த வரைபடத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே எழுதவில்லை.

சுயம்புக்கனி பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பேசினாள். "சாமி வெயில்ல நிக்கட்டும். அதுக்குப் பிடிச்சிருக்கு. நான் ரோட்டுல நின்னு பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தேன். எனக்குப் பிடிக்கல." அதோடு நிறுத்திக்கொண்டாள். இசக்கிமுத்து தலையைத் திருப்பவில்லை.

கூட்டம் மெல்ல ரோட்டின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் செல்லையா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சார், மழை வந்தா?"

"மழை வந்தால் மூடிவிடுவோம்" என்றார் ராமநாதன்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நினைக்கிறேன். தொலைநோக்கிக்குள் தண்ணீர் போகக்கூடாது என்றும், ஒரு தூறல் விழுந்தாலே மூட வேண்டும் என்றும், அதற்குத் தனியாக ஆள் இருப்பார் என்றும் விளக்கிக்கொண்டே போனார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டத்தில் ஒருவர் முகம் மாறியது. மழைக்குத் தலையை மூடிக்கொள்ளும் ஒன்றை அந்த மேட்டில் உட்கார வைப்பதா? அதுவும் சம்பளத்துக்கு ஆள் வைத்து?

"சாமிகிட்டயே கேட்டுருவோம்" என்றார் ஊர்த்தலைவர். "பங்குனி உத்திரத்துக்குக் கேப்போம். சாமி சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்."

எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள். தாசில்தார் காலண்டரைப் பார்த்தார். மார்ச் முடிய நான்கு நாள் இருக்கையில் உத்திரம் வந்தது. "சரி" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அறுத்த கூரையை ஆளுக்கொரு துண்டாக எடுத்துத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

ஒரு பத்திரிகைச் செய்தி

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை புரட்டியபோது, பசிபிக் கடல் நடுவே ஹவாய்த் தீவில் ஒரு பெரிய மலையின் உச்சியில் தொலைநோக்கி நிலையங்கள் கட்டுகிறார்கள் என்று படம் போட்டிருந்தது. அந்தத் தீவின் ஆதிக் குடிகளுக்கு அது புனிதமான மலை என்றும், கட்டுவது பற்றி அங்கேயும் பேச்சு நடக்கிறது என்றும் எழுதியிருந்தது. வெள்ளைக் குமிழ்கள். கருப்பட்டிகளைச் சுண்ணாம்பில் முக்கி வைத்ததுபோல இருந்தன.

அடுத்த வாரம் இசக்கிமுத்துவைத் தூத்துக்குடியில் டீக்கடையில் பார்த்தபோது இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அங்கன என்ன சாமி?"

"மலையில் பனி கொட்டும். பனிக்கு ஒரு தெய்வம் உண்டாம். பெண் தெய்வம்."

"அம்மனா? அப்ப கஷ்டந்தான்." டீயை ஆற்றினார். "அது என்ன சொல்லிச்சாம்?"

"அதைப் போடவில்லை."

"அதைப் போடாம வேற எதைப் போட்டான்?" என்றார். கண்ணாடிகளின் அகலத்தைத்தான் போட்டிருந்தான்.

உச்சி வேளை

உத்திரத்தன்று தாசில்தார், ராமநாதன், நான் மூவரும் வெறுந்தலையோடு மேட்டில் நின்றோம். தாசில்தாருக்கு வழுக்கை. அவர் அன்று அரசுக்குச் செய்த தியாகம் எந்தக் கோப்பிலும் இல்லை.

இசக்கிமுத்து மஞ்சள் வேட்டி கட்டி, கல்லுக்கு முன்னால் நின்றார். மேளம் தொடங்கியது. வழக்கமாக மேளம் மூன்றாம் சுற்றுக்குப் போவதற்குள் சாமி வந்துவிடுமாம். மூன்று சுற்று போனது. நான்கு. ஐந்து. மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேகத்தைக் கூட்டினார்கள். இசக்கிமுத்து கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் மணலில் ஊன்றி, அசையாமல் நின்றார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். வியர்வை தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

நிழல் காலடிக்குள் போய், மறுபக்கம் எட்டிப் பார்த்தது. உச்சி வேளை தாண்டிவிட்டது. மேளம் நின்றது.

"சாமி வரல" என்றார் ஊர்த்தலைவர்.

இப்படி நடந்ததே இல்லை. வராதது கோபத்திலா, சம்மதத்திலா என்று யாருக்கும் புரியவில்லை. செல்லையா, இது கோபம் என்றார். தவசிமுத்து அண்ணாச்சி, கோபம் என்றால் வந்து திட்டியிருக்குமே, திட்டுவதற்கு என்றைக்கு யோசித்தது என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது.

தாசில்தார் என்னைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறீர்?"

"'சாமி வரவில்லை' என்று."

"கோப்பில் அப்படிப் போக முடியாது. எங்கள் நடைமுறைப்படி, கேட்கப்பட்டவரிடமிருந்து குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால், ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம். 'ஆட்சேபம் வரவில்லை' என்று எழுதும்."

ஒரு சொல்தான் மாறியது. அப்படியே எழுதினேன். அரசாங்கத்துக்கு எதையும் அதன் மொழியில் சொல்லிவிட்டால் போதும், உடனே புரிந்துகொள்ளும். ராமநாதனின் முகம் சிவந்திருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

கையெழுத்து

ஊர் சார்பில் கோமரத்தாடி கையெழுத்துப் போட வேண்டும். மறுநாளே நான் கோப்பை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்து வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அன்று ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மேலிருந்து ஏணியில் இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார்."

படித்தேன். சாமியிடம் முறைப்படி கேட்கப்பட்டது, ஆட்சேபம் வரவில்லை.

"வரலன்னுதானா போட்டிருக்கிய?"

"வரவில்லை என்றுதான்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டி, நிதானமாக. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"வந்துச்சு சார்."

நான் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன்.

"கால் பெருவெரல்ல ஆரம்பிக்கும். ஒரு உதறல். அப்புறம் மொழங்காலு, அப்புறம் இடுப்பு. இருபது வருசமா எனக்குத் தெரியும்லா. அன்னைக்கும் மொழங்கால் வரைக்கும் வந்துட்டு. நான் விடல."

"விடாமல் எப்படி?"

"சென்ட்ரிங் கணக்குப் போட்டேன். பத்துக்குப் பன்னெண்டு ரூமு, தளத்துக்கு எத்தனை பலகை, எத்தனை முட்டு, கம்பி எத்தனைன்னு. ஒரு ரூமு முடிஞ்சதும் அடுத்த ரூமு. சாமி எட்டி எட்டிப் பாத்துச்சு. உள்ள எடமில்லன்னு தெரிஞ்சதும் எறங்கிட்டு. ஒம்பது வீட்டுக்குத் தளம் போட்டேன் சார் அங்கன நின்னு."

மேலே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்" என்றார்.

"என்ன சொல்ல வந்தது என்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்ல வந்துச்சு. வேற என்னத்தச் சொல்லும்? மழைக்கு மூடுவோம்னு அந்த ஐயா சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்." ஏணியில் காலை வைத்தார். "வேண்டாம்னு என் வாயால வந்துட்டா, அதுக்கப்புறம் நான் எம்மவ மூஞ்சில முழிக்க முடியுமா, சொல்லுங்க. அதான் வாயைக் குடுக்கல."

கோப்பு என் கையில் இருந்தது. அதில் இருப்பது பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செவ்வாயை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புதன் என்று திருத்துகிறவன் நான். ஆனால் இதை எப்படித் திருத்துவது? 'வந்தது, உள்ளே அனுமதிக்கப்படவில்லை' என்று எழுதினால் அடுத்த பக்கத்தில் விளக்கம் கேட்பார்கள். அன்று மாலையே தாசில்தார் மேசையில் வைத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் தெரிந்தே நான் விட்ட பிழை அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை.

ரோடு வந்த பிறகு

சித்திரையில் செம்மண்ணும் சரளையும் கொட்டத் தொடங்கினார்கள். ஆடிக்குள் மேட்டின் அடிவாரம் வரை ரோடு போய்விட்டது. ஆவணியில் ஒரு பிற்பகல் சுயம்புக்கனிக்கு வலி எடுத்தது. துறையின் ஜீப் அங்கேதான் நின்றது. ராமநாதன் அவளை ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மெயின் ரோட்டுக்கு நடந்தார். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

நிலையம் வரவில்லை. முதலில் ஒரு சிறிய தொலைநோக்கியைக் கூடாரத்தில் வைத்துச் சில மாதங்கள் சோதித்தார்கள். செம்மண் புழுதி, கடலோர ஈரப்பதம், கண்ணாடியில் உப்பு. மார்கழியில் ராமநாதன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். வேறெங்கோ ஒரு மலையில் கட்டியிருப்பார்கள்.

"பாத்தியளா?" என்று தவசிமுத்து அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "ரோட்டை வாங்கிக்கிட்டு ஆளை அனுப்பிட்டாரு. அதுக்குத்தான் அன்னைக்கு வாயத் தொறக்கல. நம்ம சாமிக்கு இருக்குத வெவரம் கலெக்டருக்கு உண்டா?"

ஊர் முழுக்க அதையே சொன்னது. சாமியின் சாமர்த்தியம் பக்கத்து ஊர்களிலும் பரவியது. இசக்கிமுத்து முன்னால் யாராவது இதைச் சொன்னால், அவர் வேறு பக்கம் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு நான் அலுவலக வேலையாக அல்லாமல் போனேன். பஸ்ஸில் மெயின் ரோடு வரை போய், அங்கிருந்து சரளை ரோட்டில் செருப்புப் போட்டுக்கொண்டே நடந்தேன். சுயம்புக்கனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். இசக்கிமுத்து மஞ்சள் வேட்டியோடு கல்லுக்கு முன்னால் நின்றார். இந்த முறை கையை அகல விரித்து, உடம்பைத் தளர்த்தி, வாயைச் சற்றுத் திறந்து நின்றார். கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் வீட்டைப் போலிருந்தது.

மேளம் மூன்று சுற்று போனது. அவர் அப்படியே நின்றார். ஐந்தாவது சுற்றில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததைப் பார்த்தேன்.

ஆறாவது சுற்றில் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சத்தம். செல்லையா. பனை ஏறிய கால்கள் இரண்டும் நடுங்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சாமி வந்துவிட்டது. வேறொருவர் மேல். ஊர் ஒரு கணம் திகைத்து, பிறகு கையெடுத்துக் கும்பிட்டது. யாரோ ஓடிப்போய்த் திருநீற்றுத் தட்டைக் கொடுத்தார்கள்.

சாமி யாரிடமும் நிற்காமல் நேரே இசக்கிமுத்துவிடம் வந்தது. மேளம் நின்றது.

"என்னலே" என்றது சாமி. "ரோடு எப்படி இருக்கு?"

சாமி குசலம் விசாரிக்கிறது என்று ஊர் நினைத்தது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள். போன வருஷம் அவர் சாமியை உள்ளே விடாததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்லியிருக்கமாட்டார். சொல்லக்கூடிய ஆள் அல்ல.

விரித்த கைகளை இசக்கிமுத்து மெல்ல இறக்கிக் கட்டிக்கொண்டார்.

"நல்லாருக்கு சாமி" என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "மழைக்கு மட்டும் ரெண்டு எடத்துல அரிச்சிருக்கு."

"மழையக் கொறைச்சுக்கிடட்டுமா?"

அவர் ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை திருநீற்றுத் தட்டைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் சாமி. பெய்யட்டும். ரோட்டை நான் பாத்துக்கிடுதேன்."

சாமி அவர் நெற்றியில் திருநீறு பூசியது. வழக்கத்தைவிட அழுத்திப் பூசியதாகத் தோன்றியது. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு அடுத்த ஆளிடம் போய், காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

அதற்குப் பிறகு சாமி இசக்கிமுத்துமேல் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை விட்டதும், வேலைக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு போய் அரித்த இடங்களை அடைத்துவிட்டு வருகிறார். ரோடு பஞ்சாயத்துடையது, அது அவர்கள் வேலை என்று யாராவது சொன்னால், எனக்குத் தெரியும் என்கிறார்.